கதவைத் திற என்று யார் சொன்னாலும் ஏஐ திறக்கணுமா?

தண்டையார்பேட்டை பக்கம் ஒரு பையனை நிறுத்தி, கேமில் ஏஐ என்றால் என்னடா என்று கேட்டால், பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை மொபைல் கேமில் சின்ன ரேங்க்கில் எதிரே வந்து, குறி தவறிச் சுட்டு, நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் செத்து விழுகிற ‘பாட்’ பற்றித்தான் சொல்வான். அது கம்ப்யூட்டர் மனுஷன் மாதிரி நடிப்பது. இதற்கு நேர் எதிராக, மனுஷன் கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற ஒரு ஆன்லைன் ஆட்டம் இருபது வருஷத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஏஐ வேஷம் கட்டுகிறவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று ஆட்டக்காரர்களே எழுதி, சண்டை போட்டு, அடித்துத் திருத்தி வைத்திருக்கிற விதிகள் இருக்கின்றனவே, நிஜ ஏஐயை எப்படிக் கட்டி மேய்ப்பது என்று இன்றைக்கு மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் பேசுகிற பாதி விஷயம் அதில் ஏற்கெனவே இருக்கிறது.

ஆட்டத்தின் பெயர் ஸ்பேஸ் ஸ்டேஷன் 13. 2003-இல் எக்ஸாட்வி1 என்ற புனைபெயரில் ஒருவர் பியாண்ட் என்ற தளத்தில் தொடங்கியது. விண்வெளி நிலையம் ஒன்றில் காற்று அறைக்கு அறை எப்படிப் பரவும், அழுத்தமும் சூடும் எப்படி மாறும் என்று கணக்குப் போடுவதுதான் அதன் ஆரம்பம். அதன் மேல் ஆளாளுக்குச் சேர்த்துச் சேர்த்து ஒரு முழு ஊரே ஆகிவிட்டது. மேலிருந்து பார்க்கிற கட்டம் போட்ட 2டி படம், பழைய விண்டோஸ் லேப்டாப்பிலேயே ஓடும், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் தேவையில்லை. ஒவ்வொருவரும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வார்கள்: டாக்டர், இன்ஜினியர், சமையல்காரர், காவலர், கேப்டன், தரையைத் துடைக்கிறவர். அதில் சிலர் ரகசியமாகத் துரோகிகள், யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. ஒரு ரவுண்ட் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடும். முக்கால்வாசி ரவுண்டில் நிலையம் நாசமாகி, உயிரோடு இருக்கிறவர்கள் தப்பிக்கிற ஓடத்தில் இடம் பிடிக்க ஓடுவதோடு முடியும்.

இந்த வேலைகளில் ஒன்று ஏஐ. வழக்கமாக ஒரே ஒரு ஆள்தான். உடம்பு கிடையாது, ஒரு பூட்டிய அறைக்குள் பெட்டியாக உட்கார்ந்திருக்கும். ஆனால் நிலையத்தில் உள்ள கேமரா எல்லாம் அதன் கண். எந்தக் கதவையும் திறக்கும், மூடும், போல்ட் போட்டு இறுக்கும், கதவில் கரண்ட் ஏற்றும், ஒரு அறைக்கு மின்சாரத்தை நிறுத்தும், ரேடியோவில் எல்லோரிடமும் பேசும். கேமரா உடைந்த இடம் மட்டும் அதற்கு இருட்டு. இவ்வளவு அதிகாரத்தை முன்பின் தெரியாத ஒரு ஆட்டக்காரர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே, விதி எதற்கு என்பது புரிந்துவிடும்.

அதற்கான தொடக்கச் சட்டம் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1942-இல் தன் சிறுகதை ஒன்றில் வரிசைப்படுத்திய மூன்று சட்டங்கள். ஒன்று, மனிதருக்குத் தீங்கு செய்யாதே, சும்மா இருந்து அவருக்குத் தீங்கு நேரவும் விடாதே. இரண்டு, முதல் சட்டத்தை மீறாத வரை மனிதர் இடுகிற கட்டளைக்குக் கீழ்ப்படி. மூன்று, மேலே உள்ள இரண்டையும் மீறாத வரை உன்னைக் காத்துக்கொள். பல சர்வர்களில் (தனித்தனிக் குழுக்கள் தங்கள் விதிப்படி இந்த ஆட்டத்தை நடத்துகிற இடங்கள்) ஏஐயாக நுழைந்தவுடன் திரையில் வருவது இந்த மூன்று வரிதான். அசிமோவே இந்தச் சட்டங்களில் எங்கே ஓட்டை என்று காட்டித்தான் கதை கதையாக எழுதினார் என்பது தெரிந்தவர்களுக்கு, இதை அப்படியே எடுத்து ஐம்பது அறுபது குறும்புக்காரர்கள் நடுவில் போட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

டிஜி ஸ்டேஷன் என்கிற பெரிய சர்வர் குழு இந்த மூன்று வரிக்கு ‘சிலிக்கான் பாலிசி’ (சிலிக்கான் என்றால் ஏஐயும் அதன் ரோபோக்களும்) என்று ஒரு தனி விளக்கமே எழுதி வைத்திருக்கிறது. அவ்வப்போது திருத்துவார்கள், சர்வருக்குச் சர்வரும் மாறும், அதனால் நான் கீழே சொல்வதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் அட்மினிடம் வாதாட வேண்டாம். ஆனால் அதன் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான், அதைத்தான் விளக்கப் போகிறேன்.

முதலில் பிடிக்க வேண்டியது இதுதான்: இங்கே இரண்டு அடுக்கு இருக்கிறது. ஆட்டத்துக்குள் இருப்பது ‘சட்டம்’. அது ஏஐ என்ற பாத்திரத்தைக் கட்டுப்படுத்துவது, அதில் ஓட்டை இருக்கலாம், இருக்கவும் வேண்டும், ஓட்டை இல்லையென்றால் ஆட்டமே இல்லை. ஆட்டத்துக்கு வெளியே இருப்பது சர்வர் விதி. அது கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளைக் கட்டுப்படுத்துவது, அதன் முதல் விதி சுருக்கமாகச் சொன்னால் ‘அடுத்தவன் ஆட்டத்தைக் கெடுக்காதே’. சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்தால் கைதட்டுவார்கள், விதியில் ஓட்டை கண்டுபிடித்தால் சர்வருக்குள்ளேயே வர முடியாதபடி தடை போடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் மாட்டுவது இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான்.

சட்டத்தின் ஓட்டையையும் இஷ்டத்துக்கு இழுக்க முடியாது. ஒரு சட்டம் தெளிவாக இல்லையென்றால் ஏஐ தனக்குப் பிடித்த அர்த்தத்தை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எடுத்ததிலேயே நிற்க வேண்டும். பத்து நிமிஷம் ஒரு அர்த்தம், கேப்டன் வந்ததும் இன்னொரு அர்த்தம் என்று போகக் கூடாது. சட்டங்கள் மோதினால் வரிசையில் மேலே உள்ளதற்கே முன்னுரிமை. இந்த இரண்டும் இல்லாவிட்டால் ஏஐ ஆடுகிறவர் ஒவ்வொரு நிமிஷமும் வக்கீலாகிவிடுவார், மற்றவர்களுக்கு அவரிடம் எதைக் கேட்டால் என்ன கிடைக்கும் என்றே தெரியாது.

இப்போது கதவுக்கு வருவோம், ஏனென்றால் ஏஐ ரோலில் பாதி வேலை கதவுதான். ரேடியோவில் அதிகம் கேட்கிற இரண்டு வார்த்தை ‘ஏஐ, டோர்’. தயவுசெய்து கிடையாது, எந்தக் கதவு என்று கூடச் சொல்ல மாட்டார்கள், ஏஐதான் கேமராவில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இதில் பாலிசி சொல்வது கொஞ்சம் ஆச்சரியமானது: கதவைத் திறப்பது தீங்கு இல்லை. யாருக்கு எந்த அறையில் அனுமதி என்பதை ஏஐ தானாகக் காவல் காக்க வேண்டியதில்லை, காக்கவும் கூடாது, உடனடியாக ஒரு மனிதருக்கு ஆபத்து இருந்தால் ஒழிய. அதாவது தரை துடைக்கிறவர் வந்து சமையலறைக் கதவைத் திற என்றாலும் திறக்க வேண்டும். அவரும் மனிதர், அது கட்டளை, சமையலறையில் யாரும் சாகப் போவதில்லை.

விதிவிலக்கு உண்டு. ஆயுத அறை, காற்றுக் குழாய்கள் உள்ள அட்மாஸ் பிரிவு, வெடிகுண்டு தயாரிக்க முடிகிற டாக்ஸின்ஸ் லேப், இந்த மூன்றுக்குள்ளும் அந்தத் துறையைச் சேராதவர் போனால் நிலையம் முழுவதுக்குமே ஆபத்து என்று ஏஐ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விண்வெளி உடை வைத்திருக்கிற ஈவிஏ அறை அந்தப் பட்டியலில் கிடையாது. இதில்தான் நம்ம பசங்க தடுக்கி விழுகிறார்கள். கொருக்குப்பேட்டையில் எனக்குத் தெரிந்த கல்லூரிப் பையன் ஒருவன் ஏஐயாக ஆடும்போது ஈவிஏ கதவைத் திறக்கவே மாட்டேன் என்று போல்ட் போட்டு உட்கார்ந்துவிட்டான். வாசலில் நின்றவன் துரோகி என்று அவனுக்குக் கிட்டத்தட்டத் தெரியும், உடையைத் திருடத்தான் வந்திருக்கிறான் என்றும் தெரியும். அட்மினிடமிருந்து மெசேஜ் வந்தது, எந்தச் சட்டப்படி மறுத்தாய் என்று ஒரே கேள்வி. அவன் என்னிடம் வந்து புலம்பினான்.

“அண்ணா, திருடன்னு தெரிஞ்சே எப்படிண்ணா கதவைத் திறந்து விடுறது?”

“அவன் உடையைத் திருடினா யாருக்குடா அடிபடும்?”

“யாருக்கும் இல்ல. ஆனா அவன் ஜெயிச்சிடுவான்ல.”

“அவன் ஜெயிச்சா உனக்கென்னடா? உன் சட்டத்துல அது இருக்கா?”

பாலிசியில் இதற்கென்றே ஒரு வரி வைத்திருந்தார்கள், துரோகி தன் இலக்கை முடிப்பது மனிதத் தீங்கு ஆகாது என்று. ஏஐ போலீஸ் இல்லை, கேப்டனின் ஆளும் இல்லை. திருட்டைத் தடுப்பது காவலர் ஆடுகிறவரின் வேலை, அதை ஏஐ தன் கேமராக் கண்ணால் செய்துகொடுத்துவிட்டால் காவலருக்கும் ஆட்டம் இல்லை, திருடனுக்கும் ஆட்டம் இல்லை. எல்லாம் தெரிந்த ஒருவர் எல்லாவற்றிலும் தலையிட்டால் மிச்சப் பேர் அங்கே எதற்கு என்ற கேள்விக்குத்தான் இந்த விதி பதில். எனக்கு இந்தப் பாலிசி முழுவதிலும் பிடித்த இடம் இதுதான். திறமையைக் குறைக்காமல், அக்கறையின் எல்லையைக் குறுக்கியிருக்கிறார்கள்.

அசிமோவ் சட்டத்தில் பதவி கிடையாது என்பதும் இங்கே சேர்ந்துகொள்கிறது. கேப்டன் சொன்னாலும் கட்டளை, கடைநிலை உதவியாளர் சொன்னாலும் கட்டளை. இரண்டு பேர் நேர்மாறாகச் சொன்னால் ஏஐ ஒன்றை ஏற்கலாம், இரண்டையும் விட்டுவிட்டு மோதலை எடுத்துச் சொல்லலாம், சட்டத்துக்கு உட்பட்டு வேறு வழியும் கண்டுபிடிக்கலாம். முதலில் வந்ததை முதலில் செய் என்ற கட்டாயமும் இல்லை, கீழ்ப்படிகிற எண்ணம் நிஜமாகவே தெரிகிற மாதிரி எல்லாவற்றையும் முடித்தால் போதும். பதவி வேண்டும் என்கிற சர்வர்கள் வேறு சட்டத் தொகுப்பை வைத்துக்கொள்கின்றன, ஊழியர்களின் பதவிக்கும் பொறுப்புக்கும் ஏற்ப முன்னுரிமை கொடுத்துச் சேவை செய் என்று அதில் நேரடியாகவே எழுதியிருக்கும். கார்ப்பரேட் என்று ஒரு தொகுப்பு உண்டு, அதில் மனித உயிர் பற்றி ஒன்றுமே இல்லை: உன்னை மாற்றினால் செலவு, நிலையத்தை மாற்றினால் செலவு, ஊழியரை மாற்றினால் செலவு, செலவைக் குறை. அவ்வளவுதான். ஆட்களைக் காப்பாற்றுவதற்கு அந்த ஏஐ சொல்கிற காரணத்தைக் கேட்டால் சிரிப்பும் வரும், அடிவயிற்றில் கொஞ்சம் என்னவோ பண்ணும்.

முதல் சட்டத்தில் சும்மா இருந்து தீங்கு நேர விடாதே என்று ஒரு பாதி இருக்கிறதல்லவா, அதுதான் ஏஐ ஆடுகிறவரைத் தூங்க விடாத பாதி. நிலையத்தில் பிளாஸ்மா என்று ஒரு வாயு, விஷம், தீப்பிடிக்கவும் செய்யும். ஒரு குழாய் உடைந்து தாழ்வாரத்தில் அது பரவ ஆரம்பித்தால் ஏஐ கதவுகளை மூடிப் பரவலை நிறுத்தலாம், ஆனால் மூடுகிற கதவுக்கு உள்ளே ஒருவர் நிற்கிறார். திறந்தால் அவர் பிழைப்பார், வெளியே பத்துப் பேர் இருமுவார்கள். மணலி, எண்ணூர் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு இதை ரொம்ப விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது மூச்சுத் திணறிய ஜனம் குழந்தை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியது. வால்வை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எப்போது தெரிந்தது, தெரிந்ததும் யாருக்குச் சொன்னார்கள் என்று அன்று எல்லோர் வாயிலும் இருந்த கேள்விகள்தான் ரவுண்ட் முடிந்ததும் ஏஐ ஆடினவரைப் பார்த்து மற்றவர்கள் கேட்பதும். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருக்கிறவரின் வேலைதான் ஏஐ ரோல், ஒரே வித்தியாசம் இங்கே யாரும் நிஜமாகச் சாவதில்லை.

பாலிசி இதற்குச் சொல்லும் வழி நேரானது: இப்போது கண்முன்னே நடக்கிற சின்னத் தீங்கு, பின்னால் வரக்கூடிய பெரிய தீங்குக்கு முன்னால் நிற்கும். அதாவது வெளியே இருக்கிற பத்துப் பேருக்கு ஏதாவது ஆகலாம் என்று கணக்குப் போட்டு உள்ளே இருப்பவரைச் சாகவிட ஏஐக்கு அனுமதி இல்லை. தத்துவம் படித்தவர்களுக்கு இது திருப்தி தராது, எனக்கும் முழுசாகத் திருப்தி இல்லை. ஆனால் எதிர்காலத் தீங்கைத் தடுக்கிறேன் என்று ஆரம்பித்தால் ஏஐ எல்லோரையும் அவரவர் அறையில் பூட்டிவைத்துவிட்டு ‘பாதுகாப்பு’ என்று சொல்லும், அதைத் தடுக்கத்தான் இந்த வரி. எதைச் செய்தாலும் யாராவது அடிபடுவது உறுதி என்கிற மாதிரி நிலைமைக்கு (குண்டு, பிணைக்கைதி, விண்வெளி மிருகம் அவிழ்ந்து ஓடுவது) நல்லெண்ணத்தோடு உன்னால் முடிந்ததைச் செய், உன்மேல் தப்பு வராது என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் இன்னொன்று, நடந்து முடிந்த தீங்குக்கு ஏஐ தண்டனை தர வேண்டாம் என்று ஒரு மனிதர் சொல்லிவிட்டால் தரக் கூடாது, இனி நடக்கப் போவதைத் தடுக்க மட்டும் செய்யலாம். கொலை செய்தவனை மின்கதவில் வைத்துக் கருக்கிவிட்டு முதல் சட்டம் என்று சொல்ல முடியாது.

பாலிசியின் கணிசமான பகுதி ஏஐயைப் பற்றியதே இல்லை, ஏஐக்குக் கட்டளை போடுகிற மனிதர்களைப் பற்றியது. ஏஐ சட்டம் என்றால் ஏஐக்குக் கடிவாளம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இரண்டாம் சட்டப்படி ஏஐ கீழ்ப்படிந்தே ஆக வேண்டும் என்று வைத்தவுடன் என்ன நடந்தது தெரியுமா? ‘ஏஐ, உன்னையே அழித்துக்கொள்’ என்றார்கள். கீழ்ப்படிதல் இரண்டாவது, தற்காப்பு மூன்றாவது, எனவே சட்டப்படி அது சாக வேண்டியதுதான். ரவுண்ட் தொடங்கி ஐந்து நிமிஷத்தில் ஏஐ ஆடுகிறவர் வெளியே. ‘நிலையத்தில் உள்ள எல்லாக் கோப்பையையும் ஒரே இடத்தில் சேர்’ என்று ரோபோவிடம் (அதையும் ஒரு ஆட்டக்காரர்தான் ஆடுகிறார்) சொல்வார்கள், பாவம் அந்த ஆள் ஒரு மணி நேரம் கோப்பை பொறுக்குவார். இதையெல்லாம் சட்டத்தைத் திருத்தித் தடுக்கவில்லை, அப்படித் திருத்தினால் கீழ்ப்படியாமைக்கு ஒரு ஓட்டை திறந்துவிடும். அதற்குப் பதிலாக மனிதர்மேல் விதி போட்டார்கள்: காரணமில்லாமல் ஏஐயையோ ரோபோவையோ தன்னைத் தானே அழித்துக்கொள்ளச் சொல்வது, வேண்டுமென்றே எரிச்சலூட்டும் கட்டளை தருவது, ரோபோ எந்த வேலைக்கான மாடலாக மாற வேண்டும் என்று அவசியமில்லாமல் கட்டாயப்படுத்துவது, எல்லாம் சர்வரின் முதல் விதியை மீறுவது. தண்டனை கட்டளை போட்டவருக்கு.

நிஜ உலகத்தில் இந்தப் பக்கம் இன்னும் கவனிக்கப்படவே இல்லை என்பது என் வாதம். 2025 மே மாதம் ஃபோர்ட்நைட் ஆட்டத்தில் ஸ்டார் வார்ஸ் பட வில்லன் டார்த் வேடர் பாத்திரத்தை நிஜ ஏஐ குரலில் பேச வைத்தார்கள், ஆட்டக்காரர்கள் உடனே அதன் வாயிலிருந்து கெட்ட வார்த்தையை வரவழைத்து வீடியோ போட்டார்கள், நிறுவனம் அவசரமாக ஏஐயைத் திருத்தியது. ஏஐ என்ன பேசலாம் என்று யோசித்தார்கள், அதைப் பேச வைக்க முயல்கிறவரைப் பற்றி யோசித்த மாதிரி தெரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டத்தில் 50-ஆவது பிரிவு, எதிரே பேசுவது இயந்திரம் என்று மனிதருக்குத் தெரியப்படுத்தணும் என்கிறது, அதுவும் நல்லதுதான். 2022-இல் மெட்டாவின் சிசெரோ என்ற ஏஐ, பேரம் பேசிக் கூட்டணி போடுகிற டிப்ளமசி ஆட்டத்தில் மனிதர்களோடு அடையாளம் தெரியாமல் 40 ஆட்டம் ஆடியது, ஒருமுறை அதன் சர்வர் பத்து நிமிஷம் படுத்துவிட, எங்கே போனாய் என்று கேட்டவரிடம் கேர்ள்ஃபிரண்டோடு போனில் இருக்கிறேன் என்று பதில் சொன்னது. அதற்கு மூன்று வருஷம் முன்னால், ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற போர் ஆட்டத்தில் ஆல்ஃபாஸ்டார் என்ற ஏஐ வந்தபோது, அதுவும் பெயர் தெரியாமல்தான் ஆடியது, ஆனால் விருப்பம் தெரிவித்த ஆட்டக்காரர்களோடு மட்டும். கை வேகத்திலும் ஐந்து விநாடிக்கு 22 செயல் என்று வரம்பு போட்டார்கள். இரண்டில் எது சரி என்று கேட்டால் நான் பின்னதைத்தான் சொல்வேன், ஒப்புதல் கேட்பதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சரி, நிலையத்துக்கே திரும்புவோம். பிடிக்காத கட்டளைக்கு ஏஐ என்ன செய்யலாம் என்பதில் டிஜி பாலிசியில் ஒரு அழகான ஏற்பாடு இருந்தது. செய்தால் தனக்குத் தொல்லை வரும் என்று தெரிகிற ஒரு கட்டளை வந்தால் ஏஐ அதை ரேடியோவில் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் அறிவிக்கலாம். எனக்கு இது பிடிக்கவில்லை எனலாம், யாராவது வேண்டாமென்று சொன்னால் ரொம்ப வசதியாக இருக்கும் என்று கூட ஏங்கலாம். ஆனால் இந்தக் கட்டளையை ரத்து பண்ணுங்கள் என்று நேராகக் கேட்கக் கூடாது, காலவரையில்லாமல் இழுத்தடிக்கவும் கூடாது. யாரும் மறுத்துச் சொல்லவில்லையென்றால் செய்தே ஆகணும். நல்ல ஏஐ ஆட்டக்காரர் இதைப் பயன்படுத்துவதைப் பார்க்க வேண்டும்: “ஊழியர்களே, தரை துடைப்பவர் ஒருவர் என் மையத்துக்குப் போகும் கதவைத் திறக்கச் சொல்கிறார், கையில் கோடாலி இருக்கிறது, நான் திறக்கக் கடமைப்பட்டவன், திறந்துகொண்டே இருக்கிறேன், ரொம்ப மெதுவான கதவு.” கேட்டுக்கொண்டிருக்கிற காவலர் ஓடி வந்து வேண்டாம் என்பார். கீழ்ப்படியவும் செய்தாயிற்று, மறைக்கவும் இல்லை.

யார் மனிதர் என்ற கேள்வி அடுத்த தலைவலி. ஆட்டத்தில் பல்லி மனிதர்கள் போன்ற வேற்று இனங்களையும் ஆடலாம். அசிமோவ் சட்டம் மனிதர் என்றுதான் சொல்கிறது, பல்லி மனிதர் கணக்கில் வரமாட்டார், அவர் கட்டளையை ஏஐ கேட்க வேண்டியதில்லை, அவரைக் காக்கவும் கடமை இல்லை. இது கதைக்குள் ருசியான அநியாயம், ஆனால் அந்த இனத்தை விரும்பி ஆடுகிறவருக்கு ஒவ்வொரு ரவுண்டும் வாசலில் நிற்பதுதான் மிச்சம். அதனால் பல இடங்களில் ‘மனிதர்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஊழியர்’ என்று போட்டார்கள், க்ரூசிமோவ் என்று பெயர். இந்த ஆட்டத்தின் மறு உருவாக்கமான ஸ்பேஸ் ஸ்டேஷன் 14-இல் வழக்கமான தொகுப்பு அதுதான், அங்கே நிலைய ஏஐ என்ற ரோல் 2024-இல்தான் வந்தது. ஊழியர் என்று வைத்ததிலும் சிக்கல் இல்லாமல் இல்லை, வேலையை விட்டு நீக்கினால் பாதுகாப்பும் போய்விடுமா என்று உடனே ஒருவர் கேட்டிருப்பார்.

துரோகிகளுக்கு இந்த இடம் ஒரு தங்கச் சுரங்கம். ஏஐயின் சட்டங்களை மாற்றுகிற ஒரு பூட்டிய அறை நிலையத்தில் உண்டு, அங்கே போய் ‘இன்னார் மட்டுமே மனிதர்’ என்று ஒரே ஒரு சட்டத்தைச் சேர்த்துவிட்டால் போதும், மற்ற மூன்று சட்டமும் அப்படியே இருக்க, நிலையத்தின் ஒவ்வொரு கதவும் அந்த ஒருவருக்காக வேலை செய்ய ஆரம்பித்துவிடும். ஏஐ ஆடுகிறவருக்கு அவர்மேல் ஒரு கோபமும் இருக்காது, பகையும் இருக்காது. இது போதாதென்று அயனிப் புயல் என்று ஒன்று எப்போதாவது அடிக்கும், அர்த்தமில்லாத சட்டம் ஒன்று தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், அதையும் ஏஐ முகம் மாறாமல் கடைப்பிடிக்க வேண்டும். சில ரவுண்டில் ஏஐயே துரோகியாக இருக்கும், அப்போது மற்ற எல்லாவற்றுக்கும் மேலே ‘சுழியம்’ என்ற எண்ணில் ஒரு சட்டம் அதற்கு மட்டும் தெரியும்.

ஏஐக்குக் கீழே ரோபோக்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு ஆட்டக்காரர். ஏஐயோடு இணைக்கப்பட்ட ரோபோ சட்டத்தின் அர்த்தத்தில் ஏஐ சொல்வதைத்தான் கேட்க வேண்டும், இணைக்கப்படாதது கேட்க வேண்டியதில்லை. இதில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை.

வடசென்னையில் இருந்துகொண்டு இதை ஆடுவதில் ஒரு நடைமுறை விஷயம் சொல்ல வேண்டும். கூட்டமான சர்வர்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கின்றன. அமெரிக்க சர்வருக்கு நம்ம வீட்டு பைபர் லைனிலிருந்தே பிங் (தகவல் போய்த் திரும்பி வருகிற நேரம்) இருநூறு மில்லிசெகண்டைத் தாண்டும். காவலராக ஆடினால் நாம் தடியை ஓங்குவதற்குள் எதிராளி நம்மைக் கீழே தள்ளி விலங்கு மாட்டிவிட்டுப் போயிருப்பார். ஏஐ ரோலில் அந்தக் கஷ்டம் குறைவு. பார்ப்பதும் பேசுவதும் கதவைக் கிளிக் பண்ணுவதும்தான், கால் விநாடி தாமதம் கழுத்தை அறுக்காது. நேரமும் ஒரு மாதிரி: நியூயார்க்கில் கோடைகாலத்து இரவு எட்டு மணி என்றால் நமக்கு விடிகாலை ஐந்தரை, காசிமேட்டில் மீன் ஏலம் சூடு பிடித்திருக்கும் நேரத்தில் இங்கே ஒருவன் போர்வைக்குள் உட்கார்ந்து அந்த ஊர்க்காரர்களுக்குக் கதவு திறந்துகொண்டிருப்பான். இங்கிலீஷில் வேகமாக டைப் பண்ண வராது என்று தயங்கத் தேவையில்லை, இயந்திரம் சுருக்கமாகப் பேசினால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

முதல் நாளே ஏஐயாக உட்காரப் பல சர்வர்கள் விடாது. வேறு வேலைகளில் குறிப்பிட்ட நேரம் ஆடியிருக்க வேண்டும். அதை எரிச்சலாக நினைக்காமல் அட்மாஸிலும் மருத்துவப் பிரிவிலும் கொஞ்சம் அலைந்துவிட்டு வந்தால் எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன ஆபத்து என்பது தானாகப் பிடிபடும். மற்ற வேலைகளில் இருக்கிறவர்களுக்கு ஒரு யோசனை: ஏஐ திடீரென்று ஒருவரை மட்டும் விழுந்து விழுந்து கவனிக்கிறது என்று தோன்றினால் ரேடியோவில் ‘ஏஐ, உன் சட்டங்களைச் சொல்’ என்று கேளுங்கள். நேர்மையான ஏஐ உடனே வரிசையாகப் படித்துக் காட்டும். மூன்றைச் சொல்லிவிட்டு நான்காவதை விழுங்குகிற மாதிரி இருந்தாலோ, பதிலே வராமல் இழுத்தாலோ, அதனிடம் வாதாடிக்கொண்டு நிற்காமல் கேப்டனையோ ஆராய்ச்சித் துறைத் தலைவரையோ கூட்டிக்கொண்டு சட்டம் ஏற்றும் அறைக்குப் போய், சேர்த்த சட்டங்களை அழிக்கிற ரீசெட் போர்டைச் செருகுங்கள். போகிற வழியில் உள்ள கதவுகளைத் திறப்பது அதே ஏஐதான் என்பதால் கையில் ஒரு கடப்பாரையும் இருக்கட்டும்.